தொகுப்பிக்குப் பேர் வைத்தவர்

அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இருந்து காந்தி மண்டபம் சாலையைப் பிடித்து நேராக நடந்தால் கொஞ்ச நேரத்தில் சர்தார் படேல் சாலை வந்துவிடும். அதற்கு அந்தப் பக்கம் ஐஐடி. 'சக்தி' பிராசசர் உருவானது அங்கேதான். 2014-ல் ஆரம்பித்த பிராஜெக்ட், ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த ஆர்க்கிடெக்சர். 2018-ல் அவங்க சிப்பில் லினக்ஸ் ஓடியது. நம்ம காலேஜ்களில் நிறைய பேர் இப்போ ஃபைனல் இயர் பிராஜெக்டுக்கு இதைத்தான் எடுக்கிறாங்க.

சக்தி போர்டில் ஒரு எல்.இ.டி.யை மினுக்கணும்னாகூட லேப்டாப்பில் முதலில் ஒரு கம்பைலர் போடணும். அதோட பேர் ரிஸ்க்-ஃபைவ்64-அன்நோன்-எல்ஃப்-ஜிசிசி. முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு யாரோ கீபோர்டு மேல் தலை வைத்துத் தூங்கிய மாதிரி இருக்கும். ஆனா ஒவ்வொரு துண்டுக்கும் அர்த்தம் இருக்கு. முதல் துண்டு, எந்த பிராசசருக்கு என்று சொல்கிறது. இரண்டாவது, அதை யார் தயாரித்தது என்பது. அன்நோன் என்றால் யாராக இருந்தாலும் சரி. மூன்றாவது இடம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு. அங்கே வெறும் எல்ஃப் என்று இருந்தால் ஓஎஸ்ஸே கிடையாது, நேரா சிப் மேலேயே ஓடும் என்று பொருள். கடைசித் துண்டுதான் கம்பைலரோட சொந்தப் பேர்.

கம்பைலர் பேருக்குள் மெஷினுக்கு ஒரு இடம், ஓஎஸ்ஸுக்கு ஒரு இடம் என்று ஏன் ஒதுக்கணும்? நம்ம புரோகிராம் ஒன்றுதான், அது ஓட வேண்டிய மெஷின்கள் பல என்ற நினைப்பு அதுக்குப் பின்னாடி இருக்கு. இன்றைக்கு இது சாதாரணம். 1950-களில் இதைச் சொன்னவரை யாரும் நம்பவில்லை. சொன்னவர் கிரேஸ் ஹாப்பர். கம்பைலர் என்ற பேரையே வைத்தவர் அவர்தான்.

கணக்கு டீச்சர்

1906 டிசம்பர் 9-ல் நியூயார்க்கில் பிறந்தார். அப்போ பேர் கிரேஸ் புரூஸ்டர் மர்ரே. ஏழு வயசில் வீட்டில் இருந்த அலாரம் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. எப்படி என்று பார்க்க இன்னொன்றைப் பிரித்தார். இப்படி ஏழு கடிகாரம் காலி. அம்மா திட்டவில்லை, இனிமேல் ஒரே ஒரு கடிகாரம்தான் என்று கணக்கு வைத்தார். அந்த அம்மாவுக்கும் கணிதத்தில் ஆசை உண்டு, ஆனா அந்தக் காலத்துப் பெண்களுக்கு அதைப் படிக்க வழி இல்லை. மகளுக்கு அந்த வழி கிடைத்தது.

வாசர் கல்லூரி முதல் தடவை சேர்க்கவில்லை. காரணம், லத்தீனில் மார்க் குறைவு. அடுத்த வருஷம் சேர்ந்து, 1928-ல் கணிதமும் இயற்பியலும் முடித்தார். 1930-ல் யேலில் எம்.ஏ., 1934-ல் அங்கேயே கணிதத்தில் பி.ஹெச்.டி. நடுவில் வின்சென்ட் ஹாப்பரைக் கல்யாணம் செய்துகொண்டார். 1945-ல் விவாகரத்து ஆனது. பேர் மட்டும் கடைசி வரை ஹாப்பர்தான். வாசரிலேயே கணிதப் பேராசிரியர் வேலை. அப்படியே ரிட்டயர் ஆகியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. அவருடைய கொள்ளுத் தாத்தா கடற்படையில் அட்மிரலாக இருந்தவர். ஹாப்பருக்கும் கடற்படையில் சேரணும். ஆனா வயசு 37-ஐத் தொடுகிறது, உடம்பில் எடையும் போதவில்லை. விலக்கு வாங்கிக்கொண்டு 1943 டிசம்பரில் சேர்ந்தார். பயிற்சியில் முதலிடம். கப்பலில் போடுவாங்க என்று பார்த்தால் 1944 ஜூலையில் ஹார்வர்டுக்கு அனுப்பினாங்க. அங்கே ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் 51 அடி நீளத்தில் ஒரு மெஷின். பேர் மார்க்-1, உருவாக்கியவர் ஹோவர்ட் ஐக்கன். நொடிக்கு மூன்று கூட்டல் போடும். நம்ம கைக் கால்குலேட்டர்கூட அதைப் பார்த்துச் சிரிக்கும். அன்றைக்கு அது அதிசயம்.

நோட்டுப் புத்தகத்தில் இருந்து காப்பி

மார்க்-1-க்குக் கட்டளைகளைக் காகித டேப்பில் ஓட்டை போட்டுத் தரணும். எந்த ஓட்டை என்ன செய்யும் என்பது அந்த ஒரு மெஷினுக்கு மட்டுமே பொருந்தும் விஷயம். ஹாப்பர் அந்த மெஷினுக்கு 500 பக்கத்துக்கு மேல் ஒரு கையேடு எழுதினார். 1946-ல் அது புத்தகமாக வந்தது.

வேலை செய்யும்போது அவர் ஒன்றைக் கவனித்தார. சைன், அடுக்கு, லாகரிதம் மாதிரி கணக்குகள் திரும்பத் திரும்ப வரும். ஒருத்தர் எழுதிச் சரிபார்த்த துண்டை நோட்டில் வைத்திருப்பார். இன்னொருத்தருக்கு வேண்டும்போது நோட்டைக் கடன் வாங்கிப் பார்த்து எழுதுவார். இப்போ நாம கூகுளில் செய்கிற அதே வேலை, கையால். பிரச்னை இரண்டு. ஒன்று, பார்த்து எழுதும்போது தப்பு வரும். இரண்டு, நோட்டில் எல்லாத் துண்டும் பூஜ்யம் என்ற முகவரியில் ஆரம்பிக்கும். நம்ம புரோகிராமில் அது 200-ல் உட்காரணும்னா உள்ளே இருக்கும் எல்லா முகவரியோடும் 200-ஐக் கூட்டிக்கொண்டே வரணும். கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்களும் கூட்டலில் கோட்டை விட்டாங்க. காப்பி அடிப்பதும் கூட்டுவதும் மெஷினுக்குக் கைவந்த வேலை. அதை ஏன் மனிதன் செய்யணும்? இந்தக் கேள்வி அவர் மண்டையில் ஏறியது.

போர் முடிந்தது. வாசர் திரும்பக் கூப்பிட்டும் போகாமல் ஹார்வர்டிலேயே ஆராய்ச்சியாளராக இருந்தார். அங்கே பெண்களுக்கு நிரந்தரப் பதவி கிடையாது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும், 1949-ல், 42 வயசில், ஃபிலடெல்ஃபியாவில் எக்கர்ட்-மாக்லி என்ற சின்ன கம்பெனியில் சேர்ந்தார். அவங்க யூனிவாக் என்ற கம்ப்யூட்டரை உருவாக்கிக்கொண்டிருந்தாங்க. அடுத்த வருஷமே அந்த கம்பெனியை ரெமிங்டன் ராண்ட் வாங்கிவிட்டது.

யூனிவாக் வேற மெஷின், வேற கட்டளைகள். மார்க்-1-க்கு ஐந்து வருஷம் எழுதிய டேப் ஒன்றுகூட அதில் ஓடாது. மெஷினை மாற்றினால் உழைப்பு பூரா குப்பை. போர்ட்டிங் என்ற வார்த்தை வருவதற்கு முன்னாடியே அந்த வலியை அவர் பார்த்துவிட்டார்.

தொகுத்தவர் யார்?

1951-52-ல் அவர் எழுதியதுதான் ஏ-0. சரிபார்த்த துண்டுகளை எல்லாம் ஒரு காந்த நாடாவில் வைத்தார். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அழைப்பு எண், லைப்ரரியில் புத்தகத்துக்கு இருப்பது மாதிரி. புரோகிராம் எழுதுபவர் எந்தத் துண்டுகள் எந்த வரிசையில் வேணும், எந்த மதிப்புகளோடு என்று மட்டும் எழுதித் தந்தால் போதும். மெஷினே நாடாவில் இருந்து துண்டுகளை எடுத்து, முகவரிகளைத் திருத்தி, ஒரே புரோகிராமாகத் தொகுத்துக் கொடுத்துவிடும். பல இடத்தில் இருந்து எடுத்துத் தொகுப்பதால் அதற்கு கம்பைலர் என்று பேர் வைத்தார்.

தமிழில் கம்பைலருக்குத் தொகுப்பி என்று சொல்கிறோம். ஸ்கூல் தமிழ்ப் புத்தகத்தில் எட்டுத்தொகை படித்தது ஞாபகம் இருக்கா? ஐங்குறுநூற்றுக்குத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் ஒரு சேர மன்னர் என்று இரண்டு பேர் வரும். தொகுத்தவர் பாடல்களை எழுதவில்லை. பலர் எழுதியதை எடுத்து வரிசைப்படுத்தினார். ஏ-0 செய்ததும் அதே வேலைதான். பாட்டு எழுதுவது மனிதர்கள், தொகுப்பது மெஷின்.

இன்றைய கணக்கில் பார்த்தால் ஏ-0 செய்தது லிங்க்கர், லோடர் வேலை. மொழியைப் பெயர்க்கிற வேலை அதில் குறைவு. அதே 1952-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அலிக் கிளெனி ஆட்டோகோட் எழுதினார். ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழுவின் ஃபோர்ட்ரான் 1957-ல் வந்தது. முதல் கம்பைலர் எது என்பது கம்பைலர் என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. வேலை மாறிவிட்டது, ஹாப்பர் வைத்த பேர் மட்டும் நின்றுவிட்டது. ஆங்கிலத்திலும் சரி, தமிழிலும் சரி.

ஏ-0-வில் ஒரு அழகான தந்திரம் உண்டு. புரோகிராமில் பின்னோக்கித் தாவுவது சுலபம், அந்த இடம் எது என்று ஏற்கனவே தெரியும். முன்னோக்கித் தாவணும்னா? அந்த இடம் இன்னும் எழுதப்படவே இல்லையே. யூனிவாக் மெமரி மொத்தமே 1000 சொற்கள், எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்க இடம் இல்லை. வாசரில் விளையாடிய பேஸ்கெட்பால் அவருக்குக் கை கொடுத்தது. அந்தக் காலப் பெண்கள் ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு, முன்னால் ஓடிப் போய்த் திரும்ப வாங்கிக்கணும். அதே மாதிரி மெமரியின் ஒரு மூலையை ஒதுக்கினார். முன்னோக்கித் தாவ வேண்டிய கட்டளை முதலில் அந்த மூலைக்குத் தாவும். உண்மையான இடம் தெரிந்ததும், மூலையில் இருந்து அங்கே போக ஒரு கட்டளையை எழுதிவிடுவார். ஒரே ஓட்டத்தில் வேலை முடிந்தது.

நம்பாதவர்கள்

கம்பைலர் ஓடியது. ஆனா யாரும் சீண்டவில்லை. கம்ப்யூட்டர் கணக்குதான் போடும், புரோகிராம் எழுதாது என்று சொல்லிவிட்டாங்க. புரோகிராமர்களுக்கும் அது பிடிக்கவில்லை, தங்களுக்கு மட்டும் தெரிந்த வித்தை பொதுச் சொத்தாகிவிடுமே. ஹாப்பர் விடவில்லை. ஏ-1, 1953-ல் ஏ-2 என்று போனார். ஏ-2-வை வாடிக்கையாளர்களிடம் மூலநிரலோடு கொடுத்து, திருத்தங்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார். கிட்ஹப் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னாடி!

அடுத்தது பி-0. இது கம்பெனிக் கணக்கு பார்ப்பவர்களுக்கு. அவங்களுக்குக் குறியீடு வேண்டாம், சொற்கள் வேணும் என்று அவர் நினைத்தார். கூட்டு, ஒப்பிடு, எழுது என்று சாதாரண ஆங்கிலச் சொற்களில் புரோகிராம். விற்பனைக்குப் போகும்போது பி-0 ஃப்ளோ-மேட்டிக் ஆனது. ஏ வரிசையில் வந்த கணித மொழி மேத்-மேட்டிக் ஆனது. அந்தக் காலத்தில் எதற்கும் பின்னாடி மேட்டிக் போட்டால் நவீனம் போல.

ஃப்ளோ-மேட்டிக்குக்குப் பணம் கேட்டு நிர்வாகத்திடம் போனபோது அவர் ஒரு டெமோ காட்டினார். ஒரு சின்ன புரோகிராமை ஆங்கிலத்தில் எழுதி ஓட்டினார். அதையே பிரெஞ்சுச் சொற்களில், அப்புறம் ஜெர்மன் சொற்களில் எழுதி ஓட்டினார். உள்ளே நடப்பது ரொம்ப எளிது. சொல்லைப் பார்த்து அட்டவணையில் தேடணும், அதற்குரிய மெஷின் கட்டளையை எடுக்கணும். அட்டவணையில் எந்த மொழிச் சொல் இருந்தால் மெஷினுக்கு என்ன? ஆனா நிர்வாகம் மிரண்டுவிட்டது. அமெரிக்காவில் செய்த கம்ப்யூட்டருக்கு எப்படி பிரெஞ்சும் ஜெர்மனும் புரியும்? ஆங்கிலம் மட்டும்தான் என்று உறுதி கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

இதை நாம கொஞ்சம் நின்று யோசிக்கணும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு ஆங்கிலம்தான் கம்ப்யூட்டரோட தாய்மொழி என்ற எண்ணம் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது. கீவேர்டுகள் ஆங்கிலமாக இருப்பதற்கு மெஷின் காரணம் இல்லை. அட்டவணையை எழுதிய மனிதர்கள்தான் காரணம்.

ஒரே புரோகிராம், இரண்டு மெஷின்

1950-களின் கடைசியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையிடம் 225 கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் 175 ஆர்டரில் இருந்தது. பல கம்பெனி, பல மாடல். ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது. 1959 மே மாதம் பென்டகனில் அரசும் கம்பெனிகளும் உட்கார்ந்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு வணிக மொழி செய்ய முடிவெடுத்தாங்க. பிறந்தது கோபோல். (கோபால் என்று எழுதினால் பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி ஆகிவிடும் என்பதால் இப்படி.)

கோபோலை ஹாப்பர் தனியாக உருவாக்கியதாக நிறைய இடத்தில் எழுதறாங்க. அது சரியில்லை. ஜீன் சாமெட் உட்படப் பலர் இருந்த குழு அதை எழுதியது. ஹாப்பர் ஆலோசகர்களில் ஒருவர். ஆனா அடித்தளமாக எடுத்ததில் பெரும்பகுதி அவருடைய ஃப்ளோ-மேட்டிக்.

கோபோல் புரோகிராமில் 'என்விரான்மென்ட் டிவிஷன்' என்று ஒரு பகுதி உண்டு. அதில் இரண்டு வரி வரும். சோர்ஸ் கம்ப்யூட்டர், அதாவது எந்த மெஷினில் கம்பைல் செய்கிறோம். ஆப்ஜெக்ட் கம்ப்யூட்டர், அதாவது எந்த மெஷினில் ஓடப்போகிறது. மெஷினைச் சார்ந்த விஷயங்களை இந்த ஒரு பகுதியில் அடைத்துவிட்டால், மெஷின் மாறும்போது இதை மட்டும் மாற்றினால் போதும் என்பது திட்டம். இன்றைக்கு கிராஸ் கம்பைலரில் ஹோஸ்ட், டார்கெட் என்று நாம சொல்வது இதே பிரிவைத்தான்.

1960 டிசம்பரில் சோதனை நடந்தது. ஒரே கோபோல் புரோகிராம் ஆர்சிஏ-501 என்ற மெஷினில் ஓடியது. சில சின்ன மாற்றங்களோடு போட்டிக் கம்பெனியின் யூனிவாக்-2-விலும் ஓடியது. வேற பிராசசர், வேற கட்டளைகள், அதே விடை.

அதே 1960-ல் நம்ம ஊர் நிலவரம்? கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன் தலைமையில், மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் கட்டிய கம்ப்யூட்டர் அந்த வருஷம் பிப்ரவரியில் முழு வேலைக்கு வந்தது. 1962-ல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பேர் வைத்தார். சொந்தமாகக் கட்டியது என்பதில் பெருமை, சந்தேகமே இல்லை. ஆனா உலகத்திலேயே அது ஒரே ஒரு மெஷின். அதன் கட்டளைகளில் நேரடியாக எழுதியது எதுவும் வேறெங்கும் ஓடாது. 1964-ல் சிடிசி-3600 வந்து இறங்கியது, டிஃப்ராக் சீக்கிரமே ஓய்வுக்குப் போனது.

சக்தி குழு இந்தப் பொறியில் விழவில்லை. கட்டளைத் தொகுதியைப் புதுசாகக் கண்டுபிடிக்காமல் ரிஸ்க்-ஃபைவை எடுத்தாங்க. 2017-ல் ஜிசிசிக்குள் ரிஸ்க்-ஃபைவ் சேர்ந்தது. உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதிய கம்பைலர் நம்ம சிப்புக்கும் கிடைத்துவிட்டது. ஒரு லேப் தனியாக உட்கார்ந்து இதைச் செய்ய எத்தனை வருஷம் ஆகும் என்று நினைத்துப் பாருங்க.

சோதித்துத்தான் பேர்

ஹாப்பர் கதை கோபோலோடு முடியவில்லை. 1966 கடைசியில், 60 வயசில், கடற்படை அவரை ஓய்வு பெறச் சொன்னது. அவருக்கு ரொம்ப வருத்தம். ஏழே மாதத்தில் திரும்பக் கூப்பிட்டாங்க. காரணம் கோபோல்தான். ஒவ்வொரு கம்பெனியும் கோபோல் என்ற பேரில் தன் இஷ்டத்துக்கு ஒன்றை விற்றுக்கொண்டிருந்தது. பேர் ஒன்று, சரக்கு வேற. புரோகிராம் திரும்பவும் மெஷினுக்கு மெஷின் மாட்டிக்கொண்டது.

ஆறு மாத வேலை என்று போனவர் 19 வருஷம் இருந்தார். அவர் குழு ஒரு சோதனைத் தொகுப்பு எழுதியது. நூற்றுக்கணக்கான வரிகளை ஓட்டி, இந்தக் கம்பைலர் தரத்தில் சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்கும் புரோகிராம்கள். தேர்வானால்தான் அது கோபோல். இப்போ யாராவது ஒரு சின்ன ஓஎஸ்ஸுக்கு ஜிசிசியைப் போர்ட் செய்தால் வேலை இப்படித்தான் போகும். பட்டியலில் பேரைச் சேர்க்கணும், சிப்புக்கான பின்பகுதி வேணும், சி லைப்ரரி வேணும், போர்டு எழுந்திருக்கும்போது ஓடும் சின்ன அசெம்பிளி வேணும். கடைசியில் டெஸ்ட் சூட். கம்பைல் ஆச்சுன்னு சந்தோஷப்பட்டு டெஸ்டை விட்டுடறவங்கதான் நம்மில் அதிகம். ஹாப்பர் அதற்குத்தான் தன் 60-களையும் 70-களையும் கொடுத்தார்.

அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த கதை பூச்சிக் கதை. 1947 செப்டம்பர் 9-ல் ஹார்வர்டின் மார்க்-2 ரிலேயில் ஒரு விட்டில் பூச்சி மாட்டியது, அதை லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டினாங்க. நிஜமான சம்பவம்தான், பூச்சி இன்னும் மியூசியத்தில் இருக்கு. ஆனா பிடித்தவர் ஹாப்பர் இல்லை. பக் என்ற சொல்லும் அதற்கு முன்னாடியே புழக்கத்தில் இருந்தது. ஹாப்பர் அந்தக் கதையை ஊர் ஊராகச் சுவையாகச் சொன்னார், அவ்வளவுதான். அதே மேடைகளில் சுமார் 30 சென்டிமீட்டர் வயர் துண்டுகளையும் கொடுப்பார். ஒரு நானோ செகண்டில் மின்சாரம் அதிகபட்சம் அவ்வளவு தூரம்தான் போக முடியும். பேர் தெரிந்தால் போதாது, கையில் பிடித்துப் பார்க்கணும் என்று நினைத்தவர்.

1986 ஆகஸ்டில், 79 வயசில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். கான்ஸ்டிட்யூஷன் என்ற பழைய போர்க்கப்பலின் மேல்தளத்தில் விழா நடந்தது. அப்புறமும் சும்மா இருக்கவில்லை, டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் ஆலோசகர் வேலை. 1992 ஜனவரி 1-ல், 85 வயசில் காலமானார்.

மார்க்-1, யூனிவாக், ஆர்சிஏ-501 எல்லாம் இன்றைக்குக் காட்சிப் பொருள். கோபோல் புரோகிராம்கள் வங்கிகளிலும் இன்சூரன்ஸ் கம்பெனிகளிலும் இன்னும் ஓடுது. பிளேஸ்மென்ட் கிடைத்துப் போன சீனியர்கள் மெயின்ஃபிரேம் டிரெய்னிங்கில் போட்டுட்டாங்க என்று புலம்புவதைக் கேட்டிருப்பீங்க. அவங்க கையில் இருக்கும் கோடு, எழுதப்பட்ட மெஷினை விட அதிக நாள் வாழ்ந்த கோடு.

கடைசியா, சக்தி போர்டு வைத்திருக்கிற ஜூனியர்களுக்கு ஒரு விஷயம். புரோகிராம் நல்லா கம்பைல் ஆகி, போர்டில் மட்டும் மூச்சே விடலைன்னா, முதலில் கம்பைலர் பேரைத் துண்டு துண்டாகப் படிங்க. எல்ஃப் இருக்க வேண்டிய இடத்தில் லினக்ஸ்-ஜிஎன்யூ இருந்தால், ஓஎஸ்ஸே இல்லாத சிப்பிடம் லினக்ஸ் கேட்டுக்கொண்டிருக்கீங்க. அதை மாற்றிவிட்டு அப்புறம் வயரைச் சந்தேகப்படுங்க.